மாப்பிள்ளை சேர்த்த இங்கிலீஷ்

என் தங்கை மகளின் திருமண வரவேற்பில் அவளுடைய அப்பா பேச வேண்டிய பேச்சை நான் பேசினேன். அவருக்குப் பேச வராது என்பதால் அல்ல. அவரைப் பேச விடாமல் செய்துவிட்டுப் பேசினேன். அதோடு நிற்கவில்லை. அவர் மாதக்கணக்கில் தேடிச் சேர்த்த ஆங்கிலச் சொற்களையும், தன் மகளைப் பற்றி அவர் சொல்ல நினைத்திருந்த ஒரு விஷயத்தையும் எடுத்து, என்னுடையது போலச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம் வீடு. என் தங்கையின் கணவர் செம்பட்டியில் உரக்கடை வைத்திருப்பவர். தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். எங்கள் பக்கம் மச்சானும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டால் கேலியில்தான் பேச்சு தொடங்கும். வீட்டுக்குள் நுழைந்து செத்த நேரம் ஒருவரை ஒருவர் கேலி செய்யாமல் இருந்தால், என்ன கோபம் என்று பெண்கள் கேட்பார்கள். இந்த வழக்கத்துக்குப் பின்னால் நான் நெடுநாள் ஒளிந்துகொண்டிருந்தேன்.

தங்கை மகள் புனேயில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த மராட்டிப் பையனை விரும்பினாள். இரு வீட்டாரும் சம்மதித்தார்கள். நிச்சயத்துக்கு மாப்பிள்ளையும் தங்கையும் புனே போய்விட்டு வந்து நேராக என் வீட்டுக்கு வந்தார்கள்.

"சம்பந்தி எப்படி?" என்றேன்.

"தங்கமான மனுசன் மச்சான். ஆனா அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மராட்டியும் தெரியாது, இந்தியும் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே சோபாவுல உக்காந்து சிரிச்சே ஒப்பேத்துனோம். இன்னும் தாடை வலிக்குது."

அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார், வரவேற்பு திண்டுக்கல்லில் நடக்கும்போது சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் ஆங்கிலத்தில் தானே பேசுவதென்று. எளிமையாக நாலு வரி எழுதித் தருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"குட்டு, நைசு, ஹேப்பியெல்லாம் கடைக்கு வர்ற கம்பெனிக்காரப் பயலுகளே சொல்லிட்டுப் போறாங்க. நான் பொண்ணைக் குடுக்குறேன். வார்த்தையும் கனமா இருக்கணும்ல?"

மறுநாளிலிருந்து ஓர் ஆங்கிலப் பத்திரிகை போடச் சொன்னார். காலையில் அதில் தெரியாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பார். செல்போனில் பொருள் பார்ப்பார், அதை உச்சரிக்கவிட்டுக் கேட்பார், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பொழுது சாய்வதற்குள் அந்தச் சொல்லை யாரிடமாவது பொருத்தமான இடத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்ல வாய்க்காவிட்டால் மறுநாளும் அதே தாள் பையில் இருக்கும். இதுதான் அவர் வைத்துக்கொண்ட முறை.

அகப்பட்டவர்கள் வயலுக்கு யூரியா வாங்க வந்த விவசாயச் சம்சாரிகள்தான். மழை வருமா என்று கேட்டவரிடம், "மழை அன்பிரெடிக்டபிள் அப்பு, சொல்ல முடியாது" என்றார். தக்காளி விலை எப்படி என்றால், "வோலடைல், ஏறும், இறங்கும்" என்றார். கொஞ்ச நாளில் சம்சாரிகளே கடைக்குள் வரும்போது, "என்ன மொதலாளி, இன்னைக்கு என்ன வார்த்தை?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் நான் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சாம்பாரை ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்துவிட்டு, "இம்பெக்கபிள்" என்றார்.

தங்கை கரண்டியோடு திரும்பினாள். "இது என்ன கெட்ட வார்த்தையா?"

"குத்தமே சொல்ல முடியாதுன்னு அர்த்தம்."

"அப்ப இம்புட்டு வருசமா எதுக்குக் குத்தம் சொன்னீங்க?"

மூவரும் சிரித்தோம். ஆனால் எனக்குள் ஒன்று அப்போதே உறுத்தத் தொடங்கியிருந்தது. எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் என்றால் நான் என்றிருந்தது. வங்கியிலிருந்து கடிதம் வந்தாலும் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு நிலமும் கடையும் கிடையாது; இருந்தது அந்த ஒன்றுதான். அதில் பங்குக்கு ஒருவர் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது இதை இப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் உச்சரிப்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பு பேச்சைச் சொல்லிக் காட்ட வந்தார். என் கூடத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார். நாங்கள் சாதாரண மனிதர்கள். மொழியும் சாப்பாடும் வேறாக இருந்தும் ஒரு கேள்வி கேட்காமல் எங்கள் மகளை ஏற்றுக்கொண்டீர்கள், நீங்கள் மேக்னானிமஸ் மனிதர்கள். பெருந்தன்மையைச் சொல்லும் அந்தச் சொல் அவருக்கு ரொம்பப் பிடித்த சொல். பையில் ஒரு வாரம் வைத்திருந்தாராம். யாரிடமும் சொல்ல மனம் வரவில்லை, வரவேற்புக்கென்றே வைத்திருந்தாராம். ஆனால் வாயில் எளிதில் ஏறவில்லை. சிறுமலைப் பாதையில் வளைவில் கியர் மாற்றும் பஸ் போல, நின்று நின்று வந்தது. அடுத்து மகளைப் பற்றிச் சொன்னார். கோபம் வந்தால் அவள் சாப்பிட மாட்டாள். முதல் தடவை கூப்பிட்டால் வேண்டாம் என்பாள், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பாள். தயவுசெய்து மூன்றாம் தடவையும் கூப்பிடுங்கள், வந்துவிடுவாள்.

இதை அவர் சொன்னபோது, நான் எழுதித் தந்திருந்தால் இப்படி ஒரு வரி வந்திருக்காது என்று எனக்குத் தெரிந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"பதிவு பண்ணித் தாரேன் மாப்ளே, நீங்களே கேட்டுத் திருத்திக்கலாம்" என்றேன். மறுபடி சொன்னார், செல்போனில் பதிவு செய்தேன். அவருக்கு அனுப்பினேன். அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், முதல் பாதியை மட்டும் வெட்டி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். 'மாப்பிள்ளை மலை ஏறுகிறார்' என்று கீழே எழுதினேன். சின்னப் பசங்கள் அந்தக் குரலுக்குப் பின்னால் பஸ் சத்தம் சேர்த்துத் திருப்பிப் போட்டார்கள். குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். அவரும் அந்தக் குழுவில் இருந்தார். அவரும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார்.

இரண்டொரு நாளில் தங்கை மகள் போன் செய்தாள்.

"மாமா, நம்ம ஆளுங்க சிரிக்கிறது வேற. அங்க எல்லார் முன்னாடியும் யாராச்சும் அப்பாவப் பாத்துச் சிரிச்சா என்னால தாங்க முடியாது. நீங்களே பேசிருங்க. அப்பாட்ட நான் சொல்லிக்கிறேன்."

நன்றாகத்தான் பேசுகிறார், சிரிக்க வைத்தது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். "சரிம்மா" என்றேன்.

மேடை ஏறும்போது அவர் பேச்சைத் திருட வேண்டும் என்ற எண்ணம் எனக்கில்லை. என் சரக்கே போதும் என்றுதான் ஏறினேன். வணக்கம் சொல்லி முடித்ததும், எதிரே முன்வரிசையில் சம்பந்தி வீட்டார் மொழி தெரியாத ஊரில் கொஞ்சம் மிரண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், என் சரக்கு எதுவும் அங்கே ஒட்டாது என்று தெரிந்தது. மாப்பிள்ளையின் வரிகள்தான் வாயில் வந்தன. மேக்னானிமஸ் என்ற சொல்லை ஒரு சிராய்ப்பும் இல்லாமல் சொன்னேன். மூன்றாம் தடவையும் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். மணமகள் கண்ணைத் துடைத்தாள், குழுவில் நான் போடாத பாதி அது, அவள் அப்பாவின் வரி என்று அவளுக்குத் தெரியாது. சம்பந்தி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளை பந்தியில் இருந்தார். சாப்பாட்டுக் கூடத்துக்கும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். நான் இறங்கி வந்தபோது சாம்பார் வாளியோடு வாசலில் நின்றிருந்தார்.

"நல்லாப் பேசுனீங்க மச்சான். சாப்பிட்டீங்களா?"

அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் சட்டைப் பையில் தாள் இல்லை. பத்திரிகையையும் நிறுத்திவிட்டார். புனேயிலிருந்து வீடியோ அழைப்பு வந்தால் சம்பந்திக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவாராம். பேரன் பிறந்தபோதும் அப்படித்தான். என்னோடு பேசுவதில் குறை வைக்கவில்லை. தீபாவளிக்கு வந்தார், பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்தார். கேலி மட்டும் செய்யவில்லை. நான் செய்தால் சிரித்துக்கொள்வார். திருப்பித் தர மாட்டார். கேலியில்லாத மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருந்தார்.

அப்போதும் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒருநாள் வத்தலக்குண்டு போய்விட்டுத் திரும்பும்போது செம்பட்டியில் இறங்கி அவர் கடைக்குப் போனேன். நான் உட்கார்ந்திருக்கும்போதே பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார்.

"என்ன மொதலாளி, இப்பல்லாம் வார்த்தை இல்லையா?"

மாப்பிள்ளை ரசீதிலிருந்து நிமிராமல் என் பக்கம் கையைக் காட்டினார். "வார்த்தையெல்லாம் மச்சான்கிட்ட இருக்கு. அவர்கிட்டக் கேளு."

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

வாடிக்கைக்காரர் போனதும், உர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதிவைக் குழுவில் போட்டது, மகள் கேட்டபோது சரி என்றது, அவர் வரிகளைப் பேசியது. அவருக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. ஆனாலும் கடைசிவரை கேட்டார்.

"குழுவுல போட்டதுக்கெல்லாம் நான் கோவப்படல மச்சான். கேலி பண்ணுறது உங்க உரிமை, நானும் பண்ணுவேன். ஆனா மேடையில நீங்க கேலியாப் பேசலையே? நெசமாத்தானே பேசுனீங்க?" ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "டீ சொல்லவா?" என்றார்.

அன்று மாலை குடும்பக் குழுவில் என் குரலிலேயே பதிவு செய்து போட்டேன். வரவேற்பில் நான் பேசியது மாப்பிள்ளையின் பேச்சு, அந்தச் சொற்கள் அவர் சேர்த்தவை, மூன்றாம் தடவை கூப்பிடச் சொன்னவர் அவர்தான், அவரைப் பேச விடாமல் செய்தவன் நான். இந்தத் தடவை ஒரு சிரிப்புப் பொம்மையும் வரவில்லை. தங்கை மட்டும் போன் செய்து, "ஏண்ணே, ஆறிப்போனதக் கிளறி எல்லார் எலையிலயும் வைக்கிற?" என்று திட்டினாள். தங்கை மகளிடமிருந்து சில வாரம் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "அப்பாட்டப் பேசிட்டேன் மாமா. நான் சொல்லித்தானே அவரு பேசாம இருந்தாரு, எனக்கும் இதுல பங்கு இருக்கு" என்றாள். அவளுக்குப் பங்கில்லை என்றேன். மாப்பிள்ளையிடம் எந்த மாற்றமும் இல்லை. பையில் தாள் இல்லை.

பேரனின் முதல் பிறந்தநாளைத் திண்டுக்கல்லில் வைத்தார்கள். சம்பந்தியும் அவர் மனைவியும் மூன்று நாள் முன்னதாகவே ரயிலில் வந்து இறங்கினார்கள். பிளாட்பாரத்தில் சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பேச்சை இன்னும் மறக்கவில்லை என்றார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைக் காட்டி, அது என் பேச்சு அல்ல, ஒவ்வொரு வரியும் இவருடையது, நான் எடுத்துக்கொண்டேன் என்று எளிய ஆங்கிலத்தில் சொன்னேன். சம்பந்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

மறுநாள் விருந்தாளிகளைச் சிறுமலைக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பேச்சுத்துணைக்கு நானும் வர வேண்டும் என்றார்கள். காலையில் கார் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நான் வரவில்லை என்றேன்.

மாப்பிள்ளை இறங்கி வந்தார். "நீங்க வராம நான் என்னத்தப் பேச?"

"சிரிச்சே ஒப்பேத்துங்க மாப்ளே."

கார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். அவர் அப்படி முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மறுபடியும் அவரை அவமானப்படுத்திவிட்டேனோ என்று நாளெல்லாம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கார் வந்தது. மாப்பிள்ளை மலைவாழை ஒரு சீப்போடு உள்ளே வந்து, உட்காராமலே ஆரம்பித்தார்.

"மொத நாலஞ்சு வளைவு வரைக்கும் பேச்சே இல்ல மச்சான். பின்னாடி பொம்பளைங்க பாட்டுக்குத் தமிழும் மராட்டியுமா அடிச்சுத் தள்ளுறாங்க, அவங்களுக்கு ஒரு இங்கிலீஷும் தேவைப்படல. நாங்கதான் ஊமையா வந்தோம். மேல போயி எறங்குன ஒடனே ஒரு குரங்கு அவரு தொப்பியப் புடுங்கிட்டு மரத்துல ஏறிருச்சு. என்னை அறியாம 'அவுட்ரேஜஸ்'னுட்டேன், அக்கிரமம்னு அர்த்தம். அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே! அப்புறம் நிப்பாட்டவே இல்ல."

"ரெண்டு பேருமா?"

"அவரு இங்கிலீஷும் நம்மளது மாதிரிதான், நொண்டும். ரெண்டு நொண்டியும் சேந்து நல்லாத்தான் நடந்தோம்." பழச்சீப்பை மேசையில் வைத்தார். குரல் தணிந்தது. "ஒண்ணு சொன்னாரு. அன்னைக்கு வரவேற்புக்கு அவரும் பேசணும்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருந்தாராம். நீங்க பேசுனதக் கேட்டுட்டு, இதுக்கு மேல நம்ம என்னத்தப் பேசன்னு பேசாம உக்காந்துட்டாராம்."

அன்று மேடையில் ஒரு தகப்பனின் வாயை அடைத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு தகப்பன்களின் வாயை அடைத்திருக்கிறேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டபோது நான் பெருமையாக நின்றிருந்தேன்.

"இன்னொண்ணு மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "எம் பொண்ணு கோவிச்சுக்கிட்டா இப்பவும் அவருதான் மூணாந்தடவை போயிக் கூப்புடுறாராம். நீங்க சொன்னதாலதானே அவருக்குத் தெரிஞ்சுது. அது மட்டும் நல்லது."

நான் கும்பிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

பிறந்தநாள் மாலை, அதே போன்ற ஒரு கூடம். தங்கையிடம் போய், பந்தியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "உனக்கென்ன தெரியும், சோத்தக் கொட்டிருவ" என்றாள். ஆனாலும் விட்டாள். இலை போடும் இடத்தில் வாளியோடு நின்றேன். ஸ்பீக்கரில் மாப்பிள்ளையின் குரல் வந்தது. மெதுவாக, நின்று நின்று, ஏறி வந்தது. பேரனை ரெலென்ட்லெஸ் என்றார், இரவும் பகலும் ஓயாமல் இருக்கிறான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து மகளையும் மருமகனையும் பற்றி ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒருவர் ரசம் கேட்டார், ரசத்துக்கு ஓடியதில் அது காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது அவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: "சாப்பாட்டுக் கூடத்தில் இன்று உங்களுக்குச் சாம்பார் ஊற்றுகிறவர் என் மச்சான். ஓய்வு பெற்ற பேராசிரியர். இந்த வேலையில் அனுபவம் இல்லாதவர். தயவுசெய்து இலையை அவர் பக்கம் நகர்த்தி வைத்து ஒத்துழைக்கவும்."

கூடமே சிரித்தது. பந்தியில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குறும்புக்காரப் பெரியவர் நிஜமாகவே இலையை நகர்த்தினார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைச் செய்த முதல் கேலி அது. வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதன்பின் சம்பந்தி பேசினார். அவருடைய நொண்டல் வேறு மாதிரி. அதற்கும் கைதட்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு மாப்பிள்ளையிடம் கேட்டேன், அந்த மேக்னானிமஸை ஏன் இன்றைக்குச் சொல்லவில்லை, சம்பந்தி எதிரில்தானே இருந்தார் என்று.

"அது நீங்க போட்டுக் கழட்டுன சட்டை மச்சான்," என்றார் சிரித்துக்கொண்டே. "எனக்கு எதுக்கு? நான் புதுசா எடுத்துக்குறேன்."

இப்போது பத்திரிகை மறுபடி வருகிறது. நாள்காட்டித் தாள் பைக்குத் திரும்பிவிட்டது. தினமும் காலையில் அன்றைய சொல்லைக் குரலில் பதிவு செய்து எனக்கு ஒன்று, புனேக்கு ஒன்று என்று அனுப்புகிறார். உச்சரிப்பைத் திருத்தச் சொல்லி அவர் கேட்பதில்லை, நானும் திருத்துவதில்லை. பொழுது சாய்வதற்குள் நானும் அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், அதுதான் நிபந்தனை. நேற்று வந்த சொல்லைக் காய்கறிக் கடையில் கத்தரிக்காயைப் பார்த்துச் சொல்லிச் சமாளித்தேன். பெருந்தன்மைக்கான அந்த ஒரு சொல் மட்டும் இதுவரை அவரிடமிருந்து வரவில்லை. நானும் அதை எங்கும் சொல்வதில்லை.